எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி

ஆல்பனா மீன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, மாத்திரை விழுங்குகிறவள் மாதிரி அண்ணாந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அவ்வளவுதான், அன்றைய சாப்பாடு முடிந்தது. தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது. பருப்பு ஆறி ஆடை கட்டிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் காஜோரி, பார்த்தும் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்து சாப்பிட்டாள். புருஷன் உயிரோடு இருக்கிறவள் மீனை ஒதுக்கக் கூடாது. மீனை ஒதுக்குவது புருஷனைப் பறிகொடுத்தவள் செய்கிற காரியம். வங்கதேசத்துப் பரிசாலில் எந்த வீட்டிலும் இதை ஒருத்தி இன்னொருத்திக்கு உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை, தானாகவே தெரிந்துவிடும். அதனால் சோறு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் ஒரு துண்டு மீன் இறங்கியாக வேண்டும் என்று ஆல்பனா வைராக்கியமாக இருந்தாள். புருஷன் ஹிருதய் வந்த பயணிகள் லாஞ்சு மேக்னா ஆற்றில் முழுகியதிலிருந்து இப்படித்தான்.

மீன் வாங்கிவருவது காஜோரியின் வேலை. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிற வழியில் சந்தைக்குள் நுழைந்து, சின்னக் கெண்டையாகப் பார்த்து ஒரு பிடி வாங்கி, திரும்பிவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். "என்ன டீச்சரம்மா, தெனமும் இத்தனூண்டு வாங்கிட்டுப் போறீங்க, வீட்ல பூனை வளக்குறீங்களா?" என்று மீன்காரன் கேலி செய்தபோது, காஜோரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யாருக்கு வாங்குகிறோம் என்று சொல்லியிருந்தால் அவன் காசே வாங்கியிருக்க மாட்டான். அவனுடைய ஊர்க்காரர்களும் அந்த லாஞ்சில் வந்தவர்கள்தான்.

ஹிருதய் டாக்காவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. லீவு கிடைக்கும்போதெல்லாம் லாஞ்சின் கீழ்த்தளத்தில் விரிப்பை விரித்துப் படுத்துக்கொண்டு ஊர் வந்து சேருவான். குளிர்காலத்துப் பனிமூட்டத்தில், மணல் ஏற்றிவந்த படகு ஒன்று பக்கவாட்டில் மோதி லாஞ்சு சாய்ந்தது. நீந்தியவர்கள் நீந்தினார்கள். மீனவர்கள் எடுத்தவர்களை எடுத்தார்கள். எடுத்தவர்களை, உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தக் கரை பக்கமோ அந்தக் கரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இக்கரையில் சிலர், அக்கரையில் சிலர். எந்த ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று எவனுக்கும் தெரியவில்லை. ஜனம் படித்துறையில் நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

அப்போதுதான் மொஹ்சின் பாய் ஒரு காரியம் செய்தார். காஜோரி பாடம் எடுக்கிற கம்ப்யூட்டர் சென்டர் அவருடையது. மருந்துக்கடை மாடியில் இரண்டு அறை, பத்துப் பழைய கம்ப்யூட்டர், அவ்வளவுதான் சென்டர். அவர் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு, "உங்ககிட்ட வந்தவங்க பேரை அனுப்புங்க, நாங்க எல்லாத்தையும் ஒரே இடத்துல போடறோம்" என்று கெஞ்சினார். உட்கார்ந்த இடத்திலேயே இன்டர்நெட்டில் ஒரு பக்கம் தயார் செய்தார். பேரை அடித்தால், எந்த ஆஸ்பத்திரி, இருக்கிறாரா போய்விட்டாரா, எல்லாம் வந்துவிடும். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் காஜோரி உட்கார்ந்தாள். போனில் கேட்கிறவர்களுக்கும் மாடி ஏறி வருகிறவர்களுக்கும் பார்த்துச் சொன்னாள். முதலில் அடித்தது அண்ணன் பேரைத்தான். இரண்டு ஹிருதய் வந்தார்கள். ஒருவன் பால் மணம் மாறாத பையன், இன்னொருவர் கிழவர். அவள் அண்ணன் இல்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அதேதான். ஆல்பனாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு பையில் போர்வை, பொரி, ஹிருதயின் மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணி?"

"அக்கரைக்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி எறங்கப் போறேன்."

"ஐயோ, எல்லா ஆஸ்பத்திரிப் பேரும் எங்கிட்டதானே வருது? நீங்க இந்தக் குளிர்ல எதுக்கு அலையணும்? அங்க போனா, அந்த நர்ஸும் எங்க பக்கத்தத்தான் பாத்துச் சொல்லப் போறா."

"பேர் இல்லைன்னா ஆள் இல்லைன்னு ஆயிடுமா?"

"பேர் இல்லைன்னா செத்தவங்கள்லயும் இல்லைன்னுதானே அண்ணி அர்த்தம்?"

அந்த ஒரு வார்த்தையில் ஆல்பனா செருப்பைக் கழற்றினாள். பையைப் பிரித்துப் போர்வையை மடித்து உள்ளே வைத்தாள். பொரியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து காஜோரியின் 'இல்லை'தான் அந்த வீட்டின் விளக்கு. சாயங்காலம் படியேறும்போதே ஆல்பனா கேட்பாள்: "பாத்தியா?" "பாத்தேன் அண்ணி. இல்ல." "அதானே" என்பாள். அந்த 'அதானே'யில் ஒரு திமிர்கூட இருக்கும், ஊரில் எல்லாரும் தன்னை ஏமாற்றப் பார்ப்பது போலவும் தான் மட்டும் சிக்காமல் இருப்பது போலவும். பிறகு வகிட்டில் குங்குமத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள்.

குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கியதும் காஜோரியின் அப்பா மெல்ல வாய் திறந்தார். மகன் போனதிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். பேசினால் தர்ப்பையைப் பற்றித்தான் பேசுவார். உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லால் ஓர் ஆளைக் கட்டி, தேங்காயைத் தலையாக வைத்து, அதைச் சுடுகாட்டில் எரித்துக் காரியம் செய்வார்கள். காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பார்கள்தான். ஆனால் லாஞ்சு முழுகியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கும்போது காத்திருக்கத் தேவையில்லை என்று புரோகிதர் சொல்லிவிட்டார்.

"தண்ணியிலயே தவிச்சுக்கிட்டுக் கெடப்பான்மா" என்றார் அப்பா, மருமகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு. "நெருப்பு வச்சாத்தான் கரை ஏறுவான். அப்பன் கையால அதையாவது செஞ்சுட்டுப் போறேனே."

"உங்க மக சொல்லட்டும் மாமா. அவ மிஷின் சொல்லட்டும். செத்தவங்க பேர்ல உங்க பிள்ளை பேர் இருக்குன்னு காட்டட்டும். அப்புறம் தர்ப்பையும் வேணாம் தேங்காயும் வேணாம், என்னையே தூக்கி வச்சுக் கொளுத்துங்க."

அப்பா மகளைப் பார்த்தார். நீ எடுத்துச் சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினார். காஜோரி எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள். அவளுக்கும் உள்ளே ஒரு நப்பாசை இருந்தது, அதை அவள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் ஜாலகாட்டியிலிருந்து ஓர் அம்மாள் மாடி ஏறி வந்தாள். புருஷன் அக்கரையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இறந்துபோனவர். எந்தத் தேதி என்று எங்கேயோ கேட்கிறார்களாம். புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியின் பேரை மட்டும் சொன்னாள். சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று காஜோரி அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பேர்கள் எல்லாவற்றையும் திறந்து, வரிசையாக இறக்கிக்கொண்டு வந்தாள். அந்த அம்மாள் பின்னால் நின்று, "இதில்ல... இதில்ல..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஹிருதய் என்று ஒரு பேர் கடந்து போனது.

காஜோரியின் கை நின்றது. மேலே ஏற்றினாள். ஹிருதய். வயது முப்பது இருக்கலாம். சேர்த்த தேதி, லாஞ்சு முழுகிய மறுநாள். இறந்த தேதி, அதற்கு ஐந்து நாள் கழித்து. உறவினர் யாரும் வரவில்லை.

"இதில்லம்மா, அதுக்கும் கீழ" என்றாள் அந்த அம்மாள்.

அவளுடைய புருஷனைக் கண்டுபிடித்து, தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் காஜோரி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள். தேடுகிற கட்டத்தில் அண்ணன் பேரை அடித்தாள். அதே இரண்டு பேர். பையன், கிழவர். திரையில் பக்கத்து ஜன்னலில் மூன்றாவது ஹிருதய் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான், மிஷினோ இல்லை என்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் பேரை அப்படியே எடுத்துக் கட்டத்தில் போட்டு, அழிக்கிற பட்டனை ஒரு தட்டுத் தட்டினாள். கடைசி எழுத்து முழுசாகப் போகவில்லை. அடியில் இருந்த புள்ளி மட்டும் போனது. எழுத்து நின்றது.

இது அவளுக்குத் தெரியாத விஷயமா? தெரியாத விஷயமாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வங்காளத்தில் ஜ என்று ஒலிக்கிற எழுத்து ஒன்று உண்டு. அதற்கு அடியில் புள்ளி வைத்தால் ய. கையால் எழுதுகிறவனுக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் போகும்போதுதான் வில்லங்கம். அங்கே எழுத்துக்கு உருவம் கிடையாது, எண்தான். புள்ளியோடு பிறந்த ய-வுக்கென்று தனியாக ஓர் எண் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ஜ-வின் எண்ணையும் வெறும் புள்ளியின் எண்ணையும் அடுத்தடுத்து வைத்தாலும் அதே ய வந்துவிடும். ஒருத்தியைப் பொட்டோடு சேர்த்து வரைவது ஒரு விதம், வரைந்து முடித்த படத்துக்குப் பொட்டு ஒட்டுவது இன்னொரு விதம். பார்க்கிறவனுக்கு ஒரே முகம்தான். மிஷின் முகத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது. இந்தக் கீபோர்டில் அடித்தால் ஒரு மாதிரி உள்ளே போகும், அந்தக் கீபோர்டில் அடித்தால் இன்னொரு மாதிரி. இரண்டும் ஒன்றுதான் என்று முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் அதற்கு ஆயுசுக்கும் தெரியாது. இதை ஒவ்வொரு புது வகுப்பிலும் காஜோரியே வேடிக்கை காட்டுவாள். "அழிக்கிற பட்டனை ஒரு தடவ தட்டுங்க. புள்ளி மட்டும் போகுதா? இது ரெட்டைப் பிறவி. முழு எழுத்தும் போகுதா? இது ஒத்தைப் பிறவி." பிள்ளைகள் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அண்ணன் பேரின் கடைசியில் அந்த எழுத்துத்தான் இருக்கிறது என்று இத்தனை நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தோன்றியிருக்கக் கூடாதா? பாவி, அந்த இரண்டு பேரும் வராமல் இருந்திருந்தால்கூடச் சந்தேகம் வந்திருக்கும். அவர்கள் வந்ததனால்தான் தேடல் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். யார் யாரிடமோ மாறி, கடைசியில் ஃபிரோஜா என்கிற நர்ஸிடம் வந்தது.

"அந்தப் பையனா? ஞாபகம் இல்லாம என்னம்மா, நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் நர்ஸ். "நெஞ்சுல தண்ணி ஏறி, அதுவே சளியாயிருச்சு. ஆனா நெனவு இருந்துச்சு. பேரு சொன்னான். பெண்டாட்டி பேரு ஆல்பனான்னு சொன்னான். போன் நம்பர்தான் ஒண்ணும் ஞாபகத்துல இல்ல, எல்லாம் போன்லயே இருந்துச்சாம், அதுதான் ஆத்தோட போயிருச்சே. பேரை நாங்க உங்களுக்கு அனுப்பிட்டோம், வருவாங்கன்னு இருந்தோம். காலையில நான் உள்ள நுழைஞ்சதும் கேப்பான், 'யாராச்சும் வந்தாங்களா அக்கா?'ன்னு. நான் இன்னிக்கு வருவாங்கப்பான்னு சொல்லுவேன்."

காஜோரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பயப்படாம இருந்தான்மா. அதான் எனக்கு இன்னும் மனசு ஆறல. 'என் தங்கச்சி கம்ப்யூட்டர்ல இருக்கா, அவ கண்டுபிடிச்சிருவா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான். நீங்க அவனுக்கு என்ன வேணும்?"

போனை எப்படி வைத்தாள் என்று தெரியவில்லை. மொஹ்சின் பாய் டீயோடு உள்ளே வந்தபோது அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி, அந்தப் பேரை அப்படியே எடுத்துக் கட்டத்தில் போட்டுக் காட்டினாள். பிறகு அழிக்கிற பட்டனை ஒரு தட்டு. புள்ளி போனது. அவர் டீயை மேஜைமேல் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது தெரியாதவன் இல்லம்மா நான்" என்றார். "அன்னிக்கு அவசரம். முதல்ல பேரெல்லாம் ஏறட்டும், அதை அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன். அப்புறம் மறந்தே போச்சு." அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. "மூணு வரி" என்றார். "மூணே வரிதான் காஜோரி. அல்லா என்னை என்ன கேக்கப் போறானோ." நாற்பது வயது ஆள், முகத்தைக் கர்ச்சீப்பால் மூடிக்கொண்டு விசும்பினார். அவரைத் திட்டுவதற்குக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. அக்கரைக்குக் கிளம்பியவளின் பையைப் பிரிக்கவைத்தது அவரா? அது யார் செய்த வேலை?

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் காஜோரி வீட்டுக்கு நடந்தாள். ஒரு வார்த்தை மறைக்கக் கூடாது. ஐந்து நாள் இருந்தான், உன் பேரைச் சொன்னான், நீ அன்று கிளம்பிப் போயிருந்தால் பார்த்திருப்பாய், நான்தான் தடுத்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய். வழி நெடுக இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆல்பனா முற்றத்தில் அரிவாள்மனைமேல் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுத் தொட்டுக் காலையில் வாங்கிய கெண்டையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். "என்னடி நேரத்தோட வந்துட்டே? பாத்தியா?" என்றாள் நிமிராமலே.

"பாத்தேன் அண்ணி."

வழக்கமாக அடுத்து வருகிற வார்த்தை வரவில்லை. ஆல்பனாவின் கை மீன்மேல் நின்றது. பிறகு மறுபடியும் செதிலைச் சுரண்டத் தொடங்கியது, முன்னைவிட வேகமாக.

"அக்கரையில ஒரு ஆஸ்பத்திரி. அங்கேயே எரிச்சுட்டாங்க. அந்த ஊர்ப் பசங்க செஞ்சிருக்காங்க. மிஷின்ல ஒரு கோளாறு அண்ணி, பேர் இத்தனை நாள் வராம இருந்துச்சு."

செதில் பறந்துகொண்டே இருந்தது. மீனில் இனி சுரண்ட ஒன்றும் இல்லை.

"உடனேயா?" என்றாள் ஆல்பனா.

அந்த ஒரு கேள்விதான் கேட்டாள். முகத்தை நிமிர்த்தி, சாம்பல் படிந்த கையோடு, அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். காஜோரி வழியெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு வந்தது அத்தனையும் அந்த முகத்துக்கு முன்னால் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது.

"ஆமா அண்ணி. உடனே. தண்ணியிலயே போயிட்டான். உடம்பத்தான் கொண்டுபோயிருக்காங்க."

ஆல்பனா தலையாட்டினாள். நன்றாகப் புரிந்துகொண்ட மாதிரி இரண்டு தடவை ஆட்டினாள். பிறகு கையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இந்த மீன என்ன பண்றது காஜூ?" என்றாள்.

அப்போதுதான் காஜோரி அழுதாள். உள்ளேயிருந்து அப்பா ஓடிவந்தார்.

வேறு யாரோ வைத்த நெருப்பு எப்படிக் கணக்காகும், பெற்றவன் கை பட வேண்டாமா என்று கேட்டு அப்பா தர்ப்பைக் காரியத்தை நடத்தியே தீர்வேன் என்றார். புரோகிதரும் செய்யலாம் என்றார். கீர்த்தன்கோலா ஆற்றங்கரைச் சுடுகாட்டில், ஹிருதயின் நீலச் சட்டையை மாட்டி, தேங்காய்த் தலை வைத்து, ஒரு ஆளைப் படுக்கவைத்தார்கள். காய்ந்த புல், சட்டென்று பற்றிச் சட்டென்று அடங்கிவிட்டது. தேங்காய் மட்டும் கொஞ்ச நேரம் கிடந்து கருகியது. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். இந்தப் பக்கம் படித்துறையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆல்பனாவை உட்காரவைத்து, சங்கு வளையலைக் கல்லில் தட்டி உடைத்தார்கள். வகிட்டுக் குங்குமத்தைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்கள். இத்தனை மாதம் வேண்டுமென்றே அழுத்தி அழுத்தி வைத்ததாயிற்றே, லேசில் போகவில்லை. ஒருத்தி சலித்துப்போய், "எவ்வளவுதான் அப்பிவச்சிருக்கா பாரு" என்றாள். ஆல்பனா குழந்தை மாதிரி தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஈரப் புடவையோடு திரும்பி நடக்கும்போது அவள் காஜோரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் பையை மாட்டிக்கிட்டு நின்னேனே, நீ நிறுத்துனே பாரு, அது நல்லதாப் போச்சுடி" என்றாள் ஆல்பனா. "போயிருந்தா, உசுரோட இருப்பாரு உசுரோட இருப்பாருன்னு ஒவ்வொரு கட்டிலாப் பாத்துக்கிட்டுப் பைத்தியமா அலைஞ்சிருப்பேன். அவருதான் முதல் நாளே போயிட்டாரே."

காஜோரி அந்தக் கையை விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் கூடவே நடந்தாள். நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருந்தது.

அதன் பிறகு வீட்டில் மீன் வாங்கவில்லை. ஆல்பனா சோறும் பருப்பும் ஒழுங்காகச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், மாமனாருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். பழைய வாய்த்துடுக்கு மட்டும் திரும்பவில்லை. காஜோரி ஒருநாள் மொஹ்சின் பாயிடம், அந்தப் பக்கத்தையே மூடிவிடலாமா, இல்லை தேதிகளையாவது எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தாள். ஏன் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும். "இன்னும் எத்தனையோ பேருக்கு அந்தத் தேதி வேணுமே தாயி" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. அதற்கு மேல் அவளாலும் கேட்க முடியவில்லை.

சித்திரை மழை ஒன்று இடியும் காற்றுமாக அடித்துவிட்டு ஓய்ந்த மத்தியானம், படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. காஜோரி திரும்பிப் பார்த்தாள். வாசலில் ஆல்பனா நின்றாள். வெள்ளைப் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, இதுவரை ஒருநாளும் வராத அந்த அறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். மொஹ்சின் பாய் பதறி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவளைப் பார்த்து ஸலாம் சொல்வதா நமஸ்காரம் சொல்வதா என்று குழம்பி, எதையும் சொல்லாமல், டீ வாங்கிவரக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

"இதுவா உன் மிஷின்?" என்றாள் ஆல்பனா.

"ஆமா அண்ணி. என்ன அண்ணி இந்த மழையில?"

"அவர் பேரை அடி. ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

"எதுக்கு அண்ணி அதெல்லாம் இப்ப? சும்மா மனசுக்குக் கஷ்டம்."

"இவ்வளவு நாளா இது இல்ல இல்லன்னு சொல்லுச்சு, நான் அதை நம்பித் தெனமும் மீன முழுங்கினேன். இருக்குன்னு சொல்றதையும் என் கண்ணால பாத்துடறேன். அடிடி." குரலில் கோபமே இல்லை. பழைய அதட்டல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். பேரும் தேதியும் நன்றாகவே படிக்கத் தெரியும்.

கரண்ட் போய்விட்டால் தேவலை என்று காஜோரி வேண்டிக்கொண்டாள். இத்தனை இடி இடித்தும் கரண்ட் போகவில்லை. தேடுகிற கட்டத்தில் முதல் எழுத்தை அடித்தாள். அடுத்ததை அடித்தாள். எழுத்து ஒவ்வொன்றாக வந்து நின்றது. சேர்த்த தேதி ஒரு பக்கம், இறந்த தேதி ஒரு பக்கம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். நடுவில் இருக்கிற ஐந்து நாளைக் கணக்குப் போட ஆல்பனாவுக்கு விரல்கூட வேண்டாம். கடைசி எழுத்தை அவள் இரண்டு பட்டனாக அடிக்கிற வழியில் அடித்தாள். ஜ வந்தது. அடுத்த பட்டனுக்குப் போக வேண்டிய விரல் போகாமல் நின்றது. இப்படியே தேடச் சொன்னால் ஒன்றும் வராது. பாருங்க அண்ணி, மறுபடியும் கோளாறு என்று சொல்லிவிடலாம். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாம். தேடு என்கிற பட்டனை நோக்கி அவள் கை நகர்ந்தது.

"இரு இரு" என்றாள் ஆல்பனா. "புள்ளி விட்டுப்போச்சு பாரு."

மழையில் நனைந்த விரலை நீட்டி, கண்ணாடித் திரையில், அந்த எழுத்துக்கு நேர் அடியில் தொட்டுக் காட்டினாள். நகக்கண்ணில் தேய்த்தும் போகாத குங்குமம் மெல்லிய சிவப்புக் கோடாக இருந்தது. "இங்க வரணும்" என்றாள். விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் தொட்ட இடத்தில், எழுத்துக்கு அடியில், ஒரு சொட்டு ஈரம் வழியாமல் அப்படியே நின்றது.